கைமாற்றும் முகமலர்ச்சியும்

பயிற்சி ஆசிரியர்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்திய ஒரு நாளில், பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். “ஐயா, 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாமே? ஒன்று போதாதா?” என்று கேட்டார். பரிமேலழகர் உரையைத் துணைக்கொண்டு விடை கூறினேன். ஒப்புரவு என்பது உலக நடையை அறிந்து ஒழுகுதல். ஈகை என்பது வறியவர்க்கு வேண்டுவதைக் கொடுத்தல். விடை பிழையன்று, தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் கேட்டவர் முகத்தில் தெளிவு தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், என் உள்ளத்திலும் அத்தெளிவு அன்று இல்லை. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு விளங்கியது 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழியில் நின்றபோதுதான்.

அதற்கு முன் சொற்களைச் சற்றே நோக்குவோம். ஒப்புரவு அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமைகள் மூன்று: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த பயன்மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். வகுப்பில் இவற்றை நாம் செல்வத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கடந்து விடுகிறோம். இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவற்றிடம் எவரும் கேட்பதில்லை. குடத்தோடு ஊருணிக்குச் செல்பவள் யாரிடமும் தலைகுனிந்து நிற்பதில்லை, எடுத்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கு முன் எடுத்தவளும் பின் எடுப்பவளும் அவளுக்கு நிகரானவர்களே. ஒப்பு என்ற பகுதியின் பொருள் அங்கேதான் ஒளிவிடுகிறது என்பது என் கருத்து. ஈகையிலோ ஒருவன் மேலே நிற்கிறான். ஒருவன் கீழே நிற்கிறான். ஈவோன் எத்துணை நல்லவனாயினும் இந்த ஏற்றத்தாழ்வு நீங்குவதில்லை.

மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. ஈகை அதிகாரத்தின் முதற்குறளில், வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றும், பிற எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்றும் வள்ளுவர் கூறுகிறார். குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அதே அளவு திருப்பிக் கொடுப்பது. ஒரு நாழி அரிசி வாங்கினால் ஒரு நாழி அரிசி. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வள்ளுவர் இதனை ஈகைக்குக் கீழே வைத்தார். ஆனால் அதே சொல்லைப் புறநானூற்றில் 163ஆம் பாட்டில் காணும்போது நமக்கு வேறு ஓர் உலகம் தெரிகிறது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், முதிரமலைத் தலைவன் குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று வந்து, மனைவியிடம் ‘எல்லார்க்கும் கொடு’ என்கிறார். யார் யார்க்கு என்று அவர் எண்ணும் வரிசையில், சுற்றத்தின் பசி தீர நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்து வந்த மகளிரும் இடம் பெறுகின்றனர். குமணனின் கொடையைப் பாடும் நாம் அந்த மகளிரை மறந்து விடுகிறோம். குமணன் ஒரு நாள் கொடுத்தான். அதற்கு முன் இருந்த அத்தனை நாளும் புலவர் வீட்டு அடுப்பு எரிந்தது அண்டை வீட்டு மகளிர் அளந்து கொடுத்த அரிசியால் அன்றோ?

அந்தக் குறியெதிர்ப்பைக்கு இன்று வழங்கும் பெயர் கைமாற்று. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. பொதுக்குழாய், பொதுச் சாக்கடை, ஒரே கூரையின் கீழ்ப் பத்து வீடுகள், கூரையைத் தொடாத தடுப்புச் சுவர். ஒரு வீட்டில் தாளிக்கும் ஓசை மறு வீட்டில் கேட்கும். தாளிக்கும் ஓசை கேட்கவில்லை என்றாலும் மறு வீட்டுக்குத் தெரிந்துவிடும். சம்பள நாளுக்கு முந்திய வாரம் ஒரு டம்ளர் சீனியும் அரை டின் அரிசியும் வாசலுக்கு வாசல் நடந்துகொண்டே இருக்கும். பால்மரம் வெட்டப் போகும் தாய், கைக்குழந்தையை யாரிடம் விட்டாள் என்பதற்கு எழுதிய முறை ஒன்றும் இல்லை. லயத்து வாழ்வைப் பொற்காலம் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லேன். கள்ளும் சண்டையும் கடனும் அங்கே உண்டு. ஒருவர் துன்பம் மற்றவர் கண்ணில் படாமல் இருக்க அங்கே வழியில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

1960களிலும் அதன் பின்னரும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீட்டு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, அந்த லயங்களின் மக்கள் நகரங்களுக்கு வந்தனர். பினாங்குத் தீவில் அவர்களுட் பலர் ஏறியது அடுக்குமாடி வீடுகளில். ஆயர் ஈத்தாம் பக்கம் 1960களின் இறுதியில் எழுந்த பாடாங் தெம்பாக் அடுக்குமாடிகள் நம் நாட்டின் பழைய மலிவுவிலை மாடிகளுள் சேர்ந்தவை. கிடையாகக் கிடந்த லயம் செங்குத்தாக எழுந்து நின்றது போல் அவை தோன்றும். ஆனால் தடுப்புச் சுவர் இப்போது கூரை வரை உயர்ந்து விட்டது. வாசலில் இரும்புக் கதவும் வந்துவிட்டது. தாளிக்கும் ஓசை கேட்பதில்லை.

நான் குடியிருப்பது ஆயர் ஈத்தாமில். பணியாற்றும் தோட்டப்பள்ளி இருப்பது செபராங் பிறையில். இருபது ஆண்டுகளாக விடியுமுன் பாலம் கடந்து போய், பொழுது சாய்ந்து திரும்பினேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளி மூடப்பட்டு, வீட்டுக்கு ஒருவர் மட்டுமே சாமான் வாங்கப் போகலாம் என்று ஆன பிறகுதான், என் மாடியில் குடியிருப்பவர் யார் யார் என்பதே எனக்குத் தெரியவந்தது. ஒப்புரவை வகுப்பில் விளக்கியவனின் நிலை இது.

அந்த ஆணை தளர்ந்தும் இறுகியும் நீண்டது. 2021 ஜூன் முதல் நாள் மீண்டும் முழு அடைப்பு. நாட்கூலிக்குப் போனவர், சிறு கடை வைத்தவர், வேன் ஓட்டியவர் எல்லாரும் வீட்டில். அந்த மாத இறுதியில் ஒரு சிறு வேண்டுகோள் நாடெங்கும் பரவியது: உணவு இல்லாதவர் வீட்டு வாசலிலோ சன்னலிலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், வாய் திறந்து கேட்க வேண்டாம், பார்ப்பவர் வந்து உதவுவார். பெண்டேரா பூத்தே, அதாவது வெள்ளைக்கொடி என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. சில நாளில் தலையணை உறையும் பழைய சட்டையும் குழந்தைத் துணியும் மாடிக் கம்பிகளில் ஆடலாயின. இதற்கு முந்திய ஆண்டிலேயே குவாத்தமாலாவில் மக்கள் பசிக்கு அடையாளமாக வெள்ளைக்கொடி காட்டினர். கொலம்பியாவில் சொவாச்சா என்னும் ஊரில் சிவப்புத் துணி கட்டினர். ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே வழியைக் கண்டனர்.

வெள்ளைக்கொடி தோல்வியின் சின்னம் என்றும், இது அரசியல் என்றும் குறை கூறியவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்று. தன் வறுமையை ஊர் அறியத் துணி கட்டிக் காட்டுவது, ஒரு வீட்டுக் கதவைத் தட்டி மெல்லக் கேட்பதைவிட வெட்கம் தருவதாகவே இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறு. தட்டாதவர் கட்டினர். ஏன்? விடை 107ஆம் அதிகாரமாகிய இரவச்சத்தில் இருக்கிறது. பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதேயாயினும், நாவுக்கு இரத்தலைவிட இழிவு தருவது வேறில்லை என்கிறார் வள்ளுவர். தனக்காக அன்று, ஒரு வாயில்லா உயிருக்காக. பொருளை அன்று, வெறும் தண்ணீரை. அப்போதும் நா கூசுகிறது. இழிவு நாவில் இருக்கிறது என்றார் அவர். கொடி அந்த நாவை விடுவித்தது. குறிப்பிட்ட எவரிடமும் அது கேட்கவில்லை. ஆகவே எவர் முன்னும் குனியவும் இல்லை. ஊருணிக்கு அடுத்தபடியாக அதுவே.

நான் முன்னே சொன்ன நடைவழிக்கு இப்போது வருகிறேன். ஓர் உதவிக் குழுவினரோடு சேர்ந்து அரிசி, எண்ணெய், மாவு, மீன்டின் முதலியவற்றைப் பையிலிட்டு வீடு வீடாகக் கொண்டுபோனேன். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் படம் எடுத்தனர். நான் தடுக்கவில்லை. என் பழைய மாணவன் ஒருவனின் தாய் பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். முகக்கவசத்தை இறக்கிச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். எங்கள் குழுவுக்கு அன்று மிகுந்த உற்சாகம். பத்து நாள் கழித்து மறுபடி போனபோது அவர் கதவைப் பாதி திறந்து, “சார், வீட்டுல எல்லாம் இருக்கு. வேற யாருக்காவது கொடுங்க” என்றார். கம்பியில் கட்டியிருந்த துணியும் இல்லை. அவர் வீட்டில் ஒன்றும் இல்லை என்பதை மறுநாள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சைகையும் மலாயுமாகச் சொன்னபோதுதான் அறிந்தேன்.

இனியவை கூறல் அதிகாரத்தில், மனம் உவந்து கொடுப்பதைவிட முகம் மலர்ந்து இன்சொல் கூறுவது நன்று என்று வள்ளுவர் உரைப்பதை நாம் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறோம். எங்கள் குழுவில் எல்லார் முகமும் மலர்ந்தே இருந்தது, சொல்லும் இனியதே. ஆனால் மலர வேண்டியது யார் முகம் என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனோடு 2017ஆம் ஆண்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவு தொடங்கிய புயல்மழை மறுநாள் பினாங்கை மூழ்கடித்தது. எழுவர் உயிரிழந்தனர், மாநில அரசு இராணுவத்தின் உதவியை நாடியது. ஆயர் ஈத்தாம் ஆறு பினாங்கு ஆற்றோடு கலக்கும் ஆறு; அதன் தாழ்ந்த கரையோர வீடுகளில் சேறு முழங்கால் அளவு நின்றது. நீர் வடிந்ததும் அண்டை அயலாரும், பிற மாநிலங்களிலிருந்து வந்த தன்னார்வலரும் மண்வெட்டியும் வாளியும் துடைப்பமுமாக இறங்கினர். அங்கே யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்று பார்த்தறிய முடியவில்லை. எல்லார் மேலும் சேறு. தன் வீட்டைக் கழுவி முடித்தவர் அடுத்த வீட்டுக்கு வாளியோடு போனார். கேலியும் சிரிப்பும் அங்கே தாமாக எழுந்தன. கேடு எல்லார்க்கும் ஒன்றாக வந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, சில நாளில் முடிந்தது. தொற்றுக்காலத்துப் பசியோ ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் தனித்தனியாக இருந்தது. எப்போது முடியும் என்று எவர்க்கும் தெரியாது. உதவச் சென்றவர்களின் ஊக்கம் மூன்று மாதத்தில் வற்றியதற்கும் இதுவே காரணம். எங்கள் குழுவில் முதலில் பதினான்கு பேர்; செப்டம்பரில் ஐவர். அந்த ஐவரும் ஒருவரோடு ஒருவர் எரிந்து விழுந்தனர். நானும் விலக்கல்லேன்.

உதவுவோர்க்கு வரும் இந்தச் சோர்வை மருத்துவ நூலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர். நியூயார்க் நகரில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில், தம் தொழில் நேரம் முடிந்தபின் மாலை தோறும் தொண்டு செய்தவர் அவர். அங்கே தம்மிடமும் உடன் பணியாற்றியவரிடமும் கண்டதை 1974இல் ஒரு கட்டுரையாக எழுதினார். எரிந்து தீர்தல் என்னும் பொருளில் அவர் வழங்கிய பெயரை இன்று அலுவலகங்களில் எல்லாரும் வழங்குகின்றனர். அது முதலில் தொண்டர்களைக் குறித்து எழுந்த பேச்சு என்பது பலர்க்குத் தெரியாது. ஈடுபாடு மிக்கவர்களையே அது முதலில் தாக்குகிறது என்றார் அவர்.

அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சாத்தனார் இதைக் கண்டிருக்கிறார். மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை நாம் அமுதசுரபியின் பெருமைக்காக மட்டுமே சொல்கிறோம். முழுக்கதையும் வேறு பொருள் தருவது. மதுரையில் அவன் முதலில் வைத்திருந்தது வெறும் பிச்சை ஓடு. வீடு வீடாக இரந்து, கண்ணில்லாதவரையும் காலில்லாதவரையும் அழைத்து ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். ஊருக்கும் பசித்தவர்க்கும் இடையே அவன் ஒரு கால்வாய். பெறுபவனும் அவனே, தருபவனும் அவனே. நல்ல உறக்கம் வந்தது. பிறகு ஒரு மழை இரவில் சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தந்தாள். அன்று முதல் அவன் எவரிடமும் பெற வேண்டியதில்லை. இந்திரன் வந்து வரம் கேள் என்றபோது அவனை எள்ளி நகைத்தான். சினந்த இந்திரன் செய்தது விந்தையானது. பன்னிரண்டு ஆண்டு மழையற்றிருந்த பாண்டிநாட்டில் மழையைப் பொழிவித்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, ஆபுத்திரனை நாடுபவர் இல்லை. உண்ண வாருங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுச் சென்றவனை மக்கள் நகைத்தனர்.

இங்கே ஒரு நல்ல தொண்டன் மகிழ வேண்டாவா? பசி ஒழிந்ததே! ஆனால் அவன் கலங்கினான். சாவகநாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேட்டுக் கப்பல் ஏறினான். சாவகத்தை நம் அண்டையிலுள்ள ஜாவாவாகக் கருதும் அறிஞர் பலர். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விட்டது. ஊட்ட ஒருவரும் இல்லாத தீவில், கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். தன் பசிக்கு அப்பாத்திரத்திலிருந்து உண்ண அவன் நினைக்கவில்லை என்பதையும் நோக்குக. அமுதசுரபியின் குறை, அது கொடுக்க மட்டுமே அறிந்தது என்பதே. அதை ஏந்தியவனும் அப்படியே ஆனான். சாத்தனார் இதைக் குறையாகச் சொன்னார் என்று நான் வாதிட மாட்டேன். பாத்திரத்துக்கு முன்னும் பின்னும் அவன் நிலையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது.

ஆகவே உதவுவோர் முகம் வாடாதிருக்க, மனத்தில் ஊக்கத்தை வருவித்துக்கொள் என்று அறிவுரை கூறுவதால் பயன் குறைவு. பெறுபவரும் கொடுக்க, கொடுப்பவரும் பெற ஒரு வழி வேண்டும். முறை வைத்தல் அவ்வழிகளுள் பழையது. தமிழ்நாட்டில் ஏரி குளங்களைத் தூர்வாரும் பணியைக் குடிகளே முறை வைத்துச் செய்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கில அரசு 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. சட்டம் வந்ததால் முறை தழைக்கவில்லை, தேய்ந்தே போயிற்று. நம் நாட்டில் 1975இல் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியபோது ஆடவர் இரவுக்காவலுக்கு வருவது கட்டாயம். மழையில் கைவிளக்கோடு முணுமுணுத்துச் சுற்றிய தந்தையரை என் தலைமுறையினர் நினைவில் வைத்திருப்பர். ஆயினும் காவல் முடிந்து காப்பிக் கடையில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததும் அப்போதுதான். கட்டாயம் நீங்கிய பின்னும் அண்டை உறவு என்னும் பகுதி நின்றது; 2012இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது. ஜப்பானில் தெருக்கோ மிசுஷிமா என்னும் அம்மையார் 1973இல் ஒசாக்காவில் உழைப்பு வங்கி ஒன்றை நிறுவினார். ஒரு மணி நேரம் பிறர்க்கு உழைத்தால் அது உங்கள் கணக்கில் ஏறும். பின்னொரு நாள் உங்களுக்கு வேண்டும்போது ஒரு மணி உழைப்பைப் பெறலாம். ஒரு நாழிக்கு ஒரு நாழி. நம் குறியெதிர்ப்பைதான் அது. அரிசிக்குப் பதில் நேரத்தை அளந்தார்.

வள்ளுவரோடு முரண்படும் துணிவு எனக்கு இல்லை. அறத்தின் உயர்வை அளக்கும்போது ஈகையே மேல். ஆனால் நாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவர்களுக்கிடையே கைமாற்று செய்யும் பணியை ஈகையால் செய்ய இயலாது. ஈகை பெற்றவர் மறுநாள் படிக்கட்டில் தலைகுனிகிறார். கைமாற்று வாங்கியவர் தலைநிமிர்ந்து, ‘நாளைக்குத் தரேன்’ என்கிறார். நாளை பல மாதம் ஆகலாம். அதனால் ஒன்றும் குறைந்து விடுவதில்லை.

பாதிக் கதவைத் திறந்த அந்தத் தாயிடம் மூன்றாம் முறை நான் போனது பையில்லாமல். அதே மாடியில் தனியே இருந்த முதியவர் ஒருவர்க்கு நீரிழிவு. மாத்திரையை மறந்து விடுகிறார். காலையும் இரவும் ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்க முடியுமா என்று உதவி கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். “கஞ்சியும் வெச்சுக் கொடுத்திடுறேன் சார், வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாது” என்றார். அப்படியானால் அரிசி வேண்டுமே என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். என் தந்திரம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். “சரி, அனுப்புங்க. பத்துக் கிலோவா அனுப்புங்க, அவருக்கு எவ்வளவு எங்களுக்கு எவ்வளவுன்னு நான் எழுதி வெச்சுக்கிறேன்” என்றார்.

எழுதியும் வைத்தார். மகனின் பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கங்களில், தேதியிட்டு, கோடு போட்டு. அடைப்பு நீங்கி அவர் மறுபடி வேலைக்குப் போன பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஐந்து கிலோ அரிசிப் பையோடு நின்றார். “பாக்கி அடுத்த மாசம் சார்” என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி எனக்கு முன்னே வந்து இரு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, “உள்ள வாங்கக்கா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்” என்றாள்.